புதன்கிழமை ஸும்பாவுக்கு ஏன் எட்டுப் பேர்தான்? வேலையிட நலம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

வேலையிட நலத் திட்டங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஏழு இந்த இதழில் இடம்பெறுகின்றன. வேலையிடச் சுகாதாரத் துறையில் பணியாற்றும் எங்கள் ஆலோசகர் குழு பதில் சொல்கிறது. கேட்டவர்களின் பெயரையும் நிறுவனத்தையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங்கில் 60 பேர் வேலை செய்யும் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் மனிதவள அதிகாரியாக இருக்கிறேன். ஓட்டுநர்கள் 26 பேர், கிடங்கில் 18 பேர், அலுவலகத்தில் 16 பேர். நலத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்திருக்கிறார் முதலாளி. புதன்கிழமை மதியம் ஸும்பா நடன உடற்பயிற்சி வகுப்பு வைத்தோம், பயிற்சியாளருக்கு வாரம் 120 வெள்ளி. வருவது அதே எட்டுப் பேர்தான். மற்றவர்களுக்கு ஆர்வமே இல்லை. அவர்களை வரவைப்பது எப்படி?

பதில்: ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பணி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். புதன் மதியம் பன்னிரண்டரைக்கு உங்கள் 26 ஓட்டுநர்களும் எங்கே இருக்கிறார்கள்? துவாஸிலோ சாங்கியிலோ வண்டியில். கிடங்கில் இரவு முறை (ஷிப்ட்) பார்த்தவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள், பகல் முறையினர் கொள்கலனை இறக்கிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வகுப்புக்கு வர முடிந்தவர்களே 16 பேர். அதில் எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் பாதிப் பேர் வருகிறார்கள், அது மோசமில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வருடத்தில் 50 வாரம் என்று வைத்தால் பயிற்சியாளருக்கே 6,000 வெள்ளி போகிறது. பாதிப் பணம் எட்டுப் பேருக்கு, தலைக்கு 750 வெள்ளி. அந்த எட்டுப் பேரும் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே அடுத்த மூன்று மாதத்துக்குப் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் பதிவுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கடந்த 12 மாத எம்சி (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு) நாள்களைப் பிரிவுவாரியாகவும் கிழமைவாரியாகவும் அடுக்குங்கள் (நோயின் பெயர் வேண்டாம், தேதி போதும்). கூடுதல் நேர வேலைக் கணக்கு, சிறு காயப் பதிவேடு, வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியல் ஆகியவற்றை அதன் பக்கத்தில் வையுங்கள். இரவு முறையிலிருந்து காலை முறைக்கு மாறிய மறுநாள் ஒற்றை நாள் எம்சி குவிந்திருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல, அட்டவணையின் கோளாறு. வேலை முறை காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித்தான் நகர வேண்டும். இரண்டு முறைகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் இருக்க வேண்டும். இதைத் திருத்த ஒரு காசும் செலவாகாது. ஆனாலும் பலர் கடைசியில்தான் இதைத் தொடுகிறார்கள், ஏனென்றால் அட்டவணை போடுபவரிடம் பேச வேண்டியிருக்கும். ஸும்பாவுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம் நேரில் கேளுங்கள். தமிழ், மலாய், சீனம், வங்காளம் என்று யார் எதில் பேசுவாரோ அதில். 'உடல்நலம் எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதுதான் பதில். 'வேலை முடிந்ததும் உடம்பில் எங்கே வலி? ஓட்டத்தின் நடுவில் கழிப்பறைக்கு எங்கே நிறுத்துகிறீர்கள்? சாப்பாடு எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து?' என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். சிறுநீரை அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது ஓட்டுநர்களிடம் சர்வசாதாரணம். மன அழுத்தத்தை அளக்க மனிதவள அமைச்சு 2021இல் தொடங்கிய ஐவொர்க்ஹெல்த் என்ற இணையக் கருவி இருக்கிறது. நிறுவனங்களுக்கு இலவசம். தனித்தனி ஆளாக இல்லாமல் நிறுவன அளவில் அறிக்கை தரும்.

உங்கள் இடத்தில் நாங்கள் இருந்தால் 12,000 வெள்ளியை இப்படிப் பிரிப்போம். கிடங்கில் பொட்டலம் கட்டும் மேசைகளை உயரம் மாற்றக்கூடியவையாக மாற்றுவதற்கும் தட்டுவண்டிகளுக்கும் 5,000. கனமான பெட்டியைக் கையாளும் மேசை முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும், பாரமான சரக்கு அலமாரியில் முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு இடுப்புத் தாங்கி, குளிர்காக்கும் தண்ணீர்க் குடுவை, ஓய்வறைக்கு உருப்படியான நாற்காலிகள், எல்லாம் சேர்த்து 3,000. அரசாங்கத்தின் இலவசச் சோதனைக்கு (அடுத்த பதிலைப் பாருங்கள்) தகுதி இல்லாதவர்களின் மருத்துவச் சோதனைக்கு 2,500. மிச்சம் 1,500இல் ஸும்பா தொடரட்டும், மாதம் ஒரு முறை. வேண்டாம் என்று யார் சொன்னது?

கேள்வி: ஆண்டுதோறும் நிறுவனச் செலவில் மருத்துவச் சோதனை நடத்துகிறோம். பணம் கொடுப்பது நாங்கள் என்பதால் முடிவுகளை நிர்வாகம் பார்க்கலாமா? யாருக்கு நீரிழிவு என்று தெரிந்தால் உதவத்தானே போகிறோம்?
— நிர்வாக மேலாளர், உபி

பதில்: பார்க்கக் கூடாது. நல்லெண்ணமே இருந்தாலும் கூடாது. மருத்துவ விவரம் ஊழியருக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ளது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் ஊரில் 'எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்' என்பதும் முழுப் பதில் ஆகாது. முதலாளி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாமல் இருக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? முடிவு முத்திரையிட்ட உறையில் நேரே ஊழியர் கைக்குப் போக வேண்டும் என்று மருந்தகத்துடன் (கிளினிக்) ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு மொத்தக் கணக்கு மட்டும் போதும்: இத்தனை பேரில் இத்தனை பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்ற அளவில். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுக்குத் தனிக் கணக்கு கேட்காதீர்கள். நான்கு பேர் உள்ள கணக்குப் பிரிவில் 'ஒருவருக்கு நீரிழிவு' என்று வந்தால் அது யார் என்று தேநீர் இடைவேளைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சோதனை நாளிலும் தவறுகள் நடக்கின்றன. வரிசையில் அரை மணி நேரம் நின்றவரை உட்காரவைத்த உடனே பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் எடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் பட உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் காப்பியோ சிகரெட்டோ கூடாது. அப்படியும் 140/90க்கு மேல் வந்தால் இன்னொரு நாள் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். 180/120ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள், அதோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் 995 என்ற அவசர மருத்துவ ஊர்தி எண்ணை அழையுங்கள். அடுத்தது வெறும் வயிறு. காலை பத்து மணிக்கு ரத்தம் எடுப்போம், எட்டு மணி நேரம் சாப்பிடாதீர்கள் என்பது அலுவலக ஆளுக்குச் சரி. இரவு முழுவதும் சுமை தூக்கியவரைப் பட்டினி போடுவது ஆபத்து. அவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை எடுங்கள். அதற்குப் பட்டினி தேவையில்லை.

பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழியும் சொல்கிறோம். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க நலத் திட்டத்தில் தங்கள் மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். பதிந்த சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சோதனைகள் முழுக்க இலவசம். ஆகவே அவர்களுக்கு நீங்கள் தர வேண்டியது பணமல்ல, நேரம். நிறுவனப் பணத்தை 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர்களுக்கும் வையுங்கள்.

முடிவு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல இடங்களில் உறை மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. 'சோதனை முடிவோடு மருத்துவரைப் பார்க்க, சம்பளத்துடன் இரண்டு மணி நேரம், காரணம் சொல்ல வேண்டியதில்லை' என்று ஒரு வரி அறிவிப்புப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். புதிதாக ஊரிலிருந்து வந்த தம்பிகள் இரண்டாம் நாளே மயங்கி விழுகிறார்கள். தண்ணீர் வைத்திருக்கிறோம், தொப்பி கொடுத்திருக்கிறோம். வேறென்ன செய்வது?

பதில்: தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவனுக்கு இந்த வெயில் என்ன என்று நினைப்பதுதான் முதல் தவறு. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதனால்தான் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், அதோடு ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளின்படி, டபிள்யூபிஜிடி 32 பாகையைத் தொட்டால் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடம் நிழலில் ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். மணிக்கு ஒரு முறையாவது அளவு பார்க்க வேண்டும். பெரிய தளங்களில் மீட்டரே வைக்க வேண்டும், மற்றவர்கள் வானிலை காட்டும் மைஇஎன்வி செயலியில் பக்கத்து நிலையத்தின் அளவைப் பார்க்கலாம். செயலியில் தெரியும் காற்றின் வெப்பநிலையும் டபிள்யூபிஜிடியும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

புதியவர்களுக்கும் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கும் உடம்பு பழக குறைந்தது ஏழு நாள் வேண்டும். முதல் நாளே கம்பி கட்ட மேல்தளத்துக்கு ஏற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் நேரத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், மிச்ச நேரம் நிழலில் வேலை கொடுங்கள். யார் எத்தனையாவது நாள் என்பது குழுத் தலைவருக்குத் தெரிய, முதல் வாரத்துக்குத் தலைக்கவசத்தில் ஒரு வண்ண ஒட்டு போதும்.

தண்ணீர் வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். எங்கே? 12ஆவது மாடியில் வேலை, தண்ணீர் தரைத்தளத்தில், கழிப்பறை அதற்கும் அப்பால் என்றால் யாரும் குடிக்க மாட்டார்கள். மணிக்கு 300 மில்லி, அதாவது பெரிய குவளை ஒன்றாவது உள்ளே போக வேண்டும். வேலை நடக்கும் தளத்திலேயே தொட்டியை வையுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் மணி அடித்தால் எல்லாரும் குடிக்கட்டும். இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ அது வெறும் மயக்கம் இல்லை. 995ஐ அழைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் நிழலுக்குத் தூக்கி, சட்டையைத் தளர்த்தி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டிப் பை வைத்து, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு சரியாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: கைப்பேசியில் காலடிகளை எண்ணும் நடைப் போட்டியில் எங்கள் ஓட்டுநர்கள் எப்போதும் கடைசி. 'உட்கார்ந்தே சம்பாதிக்கிறான்' என்று கேலி வேறு. போட்டி வேண்டுமா?

பதில்: தனிநபர் தரவரிசை வேண்டாம். முதல் இரண்டு வாரம் அவரவர் சராசரியை எடுத்து, அதிலிருந்து எவ்வளவு கூடியது என்று மட்டும் பாருங்கள். நாளுக்கு 3,000 காலடி நடப்பவர் அதை 4,500 ஆக்கினால் அவர்தான் வெற்றியாளர். பரிசையும் சிறியதாக வையுங்கள். பரிசு பெரிதானால் கைப்பேசியை ஊஞ்சலில் கட்டி ஆட்டுவார்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலைச் சமையலறையில் மூன்றிணைப்புக் காப்பி (காப்பி, பால்மாவு, சர்க்கரை சேர்ந்த பொட்டலம்), மைலோ, பிஸ்கட் எல்லாம் இலவசம். அவற்றை எடுத்துவிட்டுப் பழம் வைத்தோம். பெரிய சண்டையாகிவிட்டது.

பதில்: ஆகாமல் இருக்குமா? இரவு இரண்டு மணிக்கு அந்த மைலோ அவர்களுக்குச் சாப்பாடு. இருப்பதைப் பிடுங்குவதைவிட, அதன் பக்கத்தில் வேறொன்றை வைப்பது பயன் தரும். சர்க்கரை இல்லாத இரண்டிணைப்புப் பொட்டலங்களைக் கண்ணுக்கு நேரே வையுங்கள், மூன்றிணைப்பைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். குவளையை 350 மில்லியிலிருந்து 200 மில்லிக்குக் குறையுங்கள். பானங்களில் நியூட்ரி-கிரேட் குறியைப் பாருங்கள்: 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி' என்ற கடைசித் தரம். 250 மில்லி குவளையில் அது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். ஒரு முறை வேலையில் மூன்று குவளை என்றால் பதினைந்து. இதைச் சுவரொட்டியாக எழுதாதீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பதினைந்து கரண்டிச் சர்க்கரையைக் கொட்டிக் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிடுங்கள், பேச்சு தானாக வரும். உணவக ஒப்பந்தக்காரரிடம் 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்), 'கோப்பி சி கோசோங்' (சர்க்கரை இல்லாத பால் காப்பி) இரண்டையும் பத்துக் காசு குறைத்து விற்கச் சொல்லி, அந்தப் பத்துக் காசை நிறுவனம் ஏற்கலாம். இரவு முறைக்கு முட்டை, அவித்த கடலை, சூடான கஞ்சி ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். விற்பனை இயந்திரத்தை மட்டும் நம்பவைத்துவிட்டு ஊட்டச்சத்துச் சொற்பொழிவு நடத்துவது வெறும் கண்துடைப்பு.

கேள்வி: ஆறு மாதமாக மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறேன். காலையில் எழுவது சிரமம். மேலாளரிடம் சொல்லலாமா? சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம்.
— பெயர் வேண்டாம்

பதில்: நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வேலையில் என்ன மாற்றம் தேவை என்பதை மட்டும் கேட்கலாம். 'மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்குக் காலை பத்து மணிக்கு வேலை தொடங்கி ஏழு மணிக்கு முடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். காலைக் கூட்டங்களைப் பதினொன்றுக்கு மாற்ற முடியுமா?' இதை எழுத்தில் கொடுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனால் வாய்வார்த்தையில் தட்டிக்கழிக்க முடியாது. மருத்துவரின் கடிதம் கேட்டால் 'காலை நேரத்தில் வேலைத்திறன் குறைவு, மூன்று மாதம் நேர மாற்றம் பரிந்துரைக்கப்படுகிறது' என்ற அளவில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று 2020இலேயே முதலாளிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், நடப்புக்கு வந்ததும், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடை செய்யும். 25 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் தொடக்கத்தில் விலக்கு. யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 1767 அல்லது மனநலக் கழகத்தின் 6389 2222.

இதைப் படிக்கும் மேலாளர்களுக்கும் ஒரு சொல். ஊழியர் வந்து சொன்னதும் 'எனக்கும் அப்படித்தான், யோகா பண்ணுங்க, சரியாயிடும்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'சொன்னதுக்கு நன்றி. இந்த வாரம் எந்த வேலை அதிகப் பாரமா இருக்கு? யாருக்கெல்லாம் தெரியலாம்?' என்ற இரண்டு கேள்வி போதும். நிறுவனம் ஆலோசகரை அமர்த்தியிருந்தால், யார் போனார் என்ற பெயர்ப்பட்டியல் மனிதவளப் பிரிவுக்கு வருகிறதா என்று பாருங்கள். விலைப்பட்டியலில் பெயரோடு வந்தால் அடுத்த மாதத்திலிருந்து ஒருவரும் போக மாட்டார்கள்.

கேள்வி: திட்டம் தொடங்கி ஒரு வருடம். எம்சி நாள்கள் குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. எம்சி எடுக்காதவருக்கு மாதம் 50 வெள்ளி ஊக்கத்தொகையும் தருகிறோம். முதலாளி திட்டத்தை நிறுத்தச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 50 வெள்ளியை நிறுத்துங்கள். ஒரு கையால் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்கிறீர்கள், மறுகையால் காய்ச்சலோடு வேலைக்கு வந்தால் பணம் என்கிறீர்கள். ஒருவர் சளியோடு வந்து உணவு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த வாரம் நான்கு பேர் எம்சி. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு சட்டம் தந்த உரிமை. அதை எடுத்ததற்கு அபராதம் போல் ஆகிவிடக் கூடாது. அந்தப் பணத்தை எல்லாருக்கும் அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துவிடலாம்.

முதல் வருடம் எம்சி கூடுவது பல நேரம் நல்ல அறிகுறி. சோதனையில் நோய் தெரிந்தவர்கள் மருத்துவரிடம் போகத் தொடங்கியிருக்கிறார்கள். மொத்த நாள்களைப் பார்க்காதீர்கள், ஆள் எண்ணிக்கை மாறினால் அது ஏமாற்றும். 100 வேலை நாள்களுக்கு எத்தனை எம்சி என்று பிரிவுவாரியாக எடுங்கள். நீண்ட விடுப்பையும் ஒற்றை நாள் விடுப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். அதோடு மாதம் 72 மணி நேர வரம்பைத் தொடும் அளவுக்குக் கூடுதல் நேரம் பார்ப்பவர்கள் எத்தனை பேர், முதுகு, தோள் காயங்கள் எத்தனை, முதல் ஆண்டுக்குள் வேலையை விடுபவர்கள் எத்தனை, சோதனைக்குப் பின் தரும் அந்த இரண்டு மணி நேரத்தை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற நான்கு எண்களையும் ஒரே தாளில் முதலாளி முன் வையுங்கள். 'ஒரு வெள்ளி போட்டால் மூன்று வெள்ளி திரும்பும்' என்று வெளிநாட்டு விளம்பரக் கணக்கைக் காட்டாதீர்கள். அடுத்த வருடம் அதே கணக்கை அவர் உங்களிடம் கேட்பார். ஒரு கிடங்கு ஊழியர் விட்டுப் போனால் புதியவரைத் தேட, அனுமதிச்சீட்டு எடுக்க, பழக்க உங்கள் நிறுவனத்துக்கு எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு உங்கள் கணக்காளரிடமே இருக்கும், அதைக் கேட்டு வாங்கி அதே தாளின் கீழே எழுதுங்கள்.